தாழிக்கு ஒரு ஜெபம்

அகழாய்வு வேலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மண்ணைத் தோண்டுவது சுலபம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அதிலும் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற ஆளாக இருந்தால் இரண்டு பக்கமும் அடி. திருச்சுழிப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் குழி மேற்பார்வை என் வேலை.

கப்பல்

அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் என்னோடு வருகிற பருத்தி வியாபாரி ஒருநாள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ மலை உச்சியில் நோவாவின் பேழை கிடைத்துவிட்டதாக வீடியோ. "அது வெறும் பாறைண்ணே" என்றேன். சொன்ன பிறகு எனக்கே என்னவோ போலிருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் அந்தப் பேழையை வரைந்து பரிசு வாங்கியவன் நான். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க சாமி கப்பலையே அவுக கண்டுபிடிச்சுட்டாக, நீங்க இங்கன உக்காந்து பானையோட்டக் கழுவிக்கிட்டு இருக்கீக!"

அழைப்பு

எங்கள் போதகர் நல்ல மனிதர். ஆராதனை முடிந்ததும் 'புதைபொருளும் வேதமும்' என்று நான் பேச வேண்டுமென்றார். எசேக்கியா ராஜா வெட்டியதாக வேதம் சொல்லும் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுவதைச் சொல்லலாம், தாவீதின் பேர் பொறித்த கல்லைச் சொல்லலாம். ஆனால் எரிகோ மதில் விழுந்த காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லையே, அதையும் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"கிடைச்சத மட்டும் சொல்லுங்க தம்பி, கிடைக்காததச் சொல்ல நேரம் பத்தாது."

வனாந்தரம்

அப்படித்தான் பேசினேன். சுரங்கத்துக்கு அல்லேலூயா, கல்லுக்கு அல்லேலூயா. மேடையை விட்டு இறங்கப் போகும்போது கல்லூரி படிக்கிற ஒரு பெண் எழுந்து, இஸ்ரவேலர் நாற்பது வருஷம் அலைந்த வனாந்தரத்தில் என்ன கிடைத்தது என்று கேட்டாள். போதகரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவ்வளவு பேர் அலைஞ்சதுக்கு இதுவரை தடயம் கிடைக்கல" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து ரூத்தம்மாள் எழுந்தார். வெளிநாட்டு வேலைக்குப் போன அவருடைய மகனைப் பற்றி வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கேட்டார்.

"எம்மகன் போன எடத்துலயும் ஒரு தடயமும் இல்லைனுதான் ஆபீசருக சொல்றாக, அதுக்காக அவன் போகவே இல்லைனு ஆயிருமாய்யா?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன்.

தாழி

மறுநாள் குழியில் ஒரு முதுமக்கள் தாழியைத் திறந்தோம். உள்ளே சின்ன எலும்புகள், பால்பல் விழாத தாடை. என் குழியில் மண் அள்ளுகிற முத்துலட்சுமி, மேலே போய்ச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தாள். "நீங்க வேதக்காரவுகதான சார், ஒங்க பங்குக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. எலும்புக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பது எங்கள் துறையிலும் வழக்கமில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றினேன். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். இவ்வளவு காலம் கழித்து என்ன கேட்பது? கடைசியில், "இது யாருன்னு எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், ஆமென்" என்று முடித்தேன். கண்ணைத் திறந்தபோது இமை நனைந்திருந்தது. முத்துலட்சுமிக்குத் திருப்தியில்லை.

"பேரு தெரியாட்டி என்ன சார், பாப்பான்னாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

குழியிலும் கேட்கிறார்கள், சபையிலும் கேட்கிறார்கள் என்பதால், அடுத்த கேள்வி வருவதற்குள் நழுவத் தோதாக இப்போதெல்லாம் டீயைக்கூட நான் நின்றுகொண்டேதான் குடிக்கிறேன்.