சி எழுபத்தொன்பது புள்ளி ஏழு

நான் கட்டிலில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே என் குவார்ட்டர்ஸை அளந்து பார்க்க ஆள் வந்துவிட்டது. வந்தவர் என்னோடு வேலை செய்பவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தார். அவர் மனைவியின் கையில் தையல்கார டேப் இருந்தது.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

எனக்கு ஆட்களிடம் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் மனைவிதான் பதில் சொன்னாள்.

“நல்லா அளந்துக்கம்மா. பாத்ரூம் கதவு மழைக்கு ஒட்டிக்கும், அதையும் பாத்துக்க. கட்டிலுக்கு அடியில அளக்கணும்னா சொல்லு, இவர எழுந்து நிக்கச் சொல்றேன்.”

அந்தப் பெண் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டீ கொடுத்தோம். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

புனேயில் ஓர் அரசாங்க உதிரிபாகக் கிடங்கில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூட்டை தூக்குபவனாகச் சேர்ந்தேன். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்றாலும் எண்கள் நன்றாக வரும். கிடங்கில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் உண்டு. அந்த எண்ணோடு அது எந்த வகை என்றும் குறித்திருப்பார்கள். நல்லது, ரிப்பேருக்குப் போவது, இனி உதவாது என்று கழித்துக்கட்டும் ‘கண்டம்’. கண்டம் என்று எழுதிவிட்டால் அந்தப் பொருள் பின்பக்க மைதானத்துக்குப் போய் மழையில் துருப்பிடிக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு என் இடது சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. அதையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த அட்ரினல் சுரப்பியையும் சேர்த்து எடுத்தார்கள். தேறி வேலைக்குத் திரும்பினேன். இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது பக்கத்து அட்ரினலில் ஒரு கட்டி தெரிந்தது. பழைய நோய்தான் பரவியிருக்கிறது, வேறெங்கும் இல்லை, இதையும் எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன்.

லீவுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் நோயின் பெயருக்குப் பதிலாக ஓர் எண் இருந்தது. சி எழுபத்தொன்பது புள்ளி ஏழு. ஆபீஸ் கிளார்க் யாருக்கோ போன் போட்டு அதற்கு அர்த்தம் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. புற்றுநோய் பரவியதற்கான எண்ணாம். எண் விழுந்துவிட்டால் வகையும் விழுந்துவிட்டது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும். இருந்திருந்து அந்த இடத்திலேயே ஊறிப்போனவர்கள் நாங்கள். நானும்தான் அப்படி நினைத்தேன்.

கிளார்க் கெட்டவர் இல்லை. ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சைன் கர் தோ, அண்ணா. கர் மே ஆராம் கரோ.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். உடம்பு முடியாததால் நானாகவே வேலையை விட்டுவிடுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. போட்டால் வேலை போகும், பின்னாலேயே வீடும் போகும். மகள் அப்போது பத்தாவது. யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் லோக்கல் ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேஸ் காகிதங்களுக்கு எண் போடும் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. புனேயின் கேம்ப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் வெகுநேரம் நின்றேன். அவராகவே கூப்பிட்டார்.

“க்யா சாஹியே? ஓ, தமிளா? உள்ள வாங்கண்ணா. என் தமிள் தோடா கச்சாதான், சிரிக்கக் கூடாது.”

சீட்டை நீட்டினேன். “இந்த நம்பர் போட்டது நீங்களா மேடம்?”

“நாந்தான். தப்பா?”

“தப்பில்ல. இதுல ரிப்பேர் ஆகுமா, கண்டமா, அது எங்க போட்டிருக்கு?”

கிடங்கு வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் பேசியதே இல்லை. அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தடிமனான ஒரு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

“இங்க பாருங்க. சி அறுபத்தி நாலு, கிட்னி. மொதல்ல வந்தது அங்க. அங்கேர்ந்து அட்ரினலுக்கு வந்ததால இந்த நம்பர். நோய் எங்க ஒக்காந்திருக்கு, எங்கேர்ந்து வந்துச்சு. பஸ், அவ்ளோதான் இது சொல்லும்.”

“எத்தன நாளுன்னு?”

“அதுக்கு நம்பரே கிடையாதுண்ணா.”

“நல்லாத் தேடிப் பாத்துச் சொல்லுங்க.”

“பத்து வருஷமா இந்த புக்கோடதான் குடித்தனம். இருந்தா எனக்குத் தெரியாதா?”

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. சர்ஜன் கத்தியைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார், இவர்கள் அதற்குள் என்னைப் பின்பக்க மைதானத்துக்குத் தள்ளுகிறார்கள். ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஆபீஸ் ஜன்னலில் காகிதத்தை மடிப்புக் கலையாமல் வைத்து, போட மாட்டேன் என்றேன். “நஹி கரூங்கா, சாப்.”

“ஆபரேஷன் ஃபெயில் ஆனா என்ன செய்வ?” என்றார் கிளார்க் இந்தியில்.

“அப்ப என் கையெழுத்தே உங்களுக்கு வேண்டியிருக்காது.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. இரண்டு பக்கமும் சுரப்பி இல்லாததால் அது செய்யும் வேலையை மாத்திரைதான் செய்கிறது. ஒரு வேளை மாத்திரை தவறினால் தலை சுற்றி விழுந்துவிடுவேன். அதனால் சட்டைப் பையில் ஒரு மாத்திரைப் பட்டை எப்போதும் இருக்கும். தையல் ஆறியதும் மருத்துவக் குழுவின் முன்னால் நிறுத்தினார்கள். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“எடை தூக்க முடியுமா?”

“முடியாது.”

“பிறகு எதற்கு வேலை?”

“பெட்டியில் எண் சரியா என்று பார்க்க முடியும். உட்கார்ந்து ஆணி அடிக்க முடியும். வேலைக்கு வர முடியும்.”

இலகு வேலை என்று எழுதினார்கள், ஒரு வருடத்துக்கு மட்டும்.

அந்த ஒரு வருடத்தை அவர்கள் பல முறை திரும்ப எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன், ஒவ்வொரு தடவையும் அதே மூன்று நாற்காலிகள், இப்போது வேறு டாக்டர்கள். மறுபடி வரலாம் என்று சர்ஜன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தால் வரட்டும். அடுத்த மாதம் மறுபடி என் முறை. எடை தூக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்பேன். வேலைக்கு வருவேன் என்பேன்.