மஞ்சள் இலையும் மாமாவின் கண்ணும்

பொழிச்சலூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மீன் தொட்டி என்று சொன்னாலும் நான் வளர்ப்பது செடிகளைத்தான். மீன்கள் செடிகளுக்குத் துணை. நடுவில் ஒரு மரக்கட்டை, அதைச் சுற்றி அகல இலைச் செடிகள். கட்டையிலிருந்து இறங்கும் சாயத்தால் தண்ணீர் எப்போதும் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். செடிக்கோ மீனுக்கோ அதனால் கெடுதல் இல்லை. எனக்கு அந்த நிறம் பிடிக்கவும் செய்யும்.

தொட்டிக்கு எதிரே உள்ள நாற்காலி என் மாமனாருடையது. அத்தை போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் டிவி ஓடாது. அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கண்ணிலும் புரை. பச்சையாக ஏதோ அசைகிறது, அது போதும் என்பார்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தோம். மாடி ஏறலாம் என்று டாக்டர் சொன்னதும் மொட்டைமாடிக்குப் போய்த் திருநீர்மலையைப் பார்த்துவிட்டு வந்தார். இறங்குகிற விமானத்தின் சக்கரம்கூடத் தெரிகிறது என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இடது கண்ணுக்குத் தேதி கேட்டபோது மட்டும் பிடிகொடுக்கவில்லை. மழை முடியட்டும் என்றார். மழை முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் செடிகளுக்கு என்னவோ ஆயிற்று. புதிதாக வரும் இலைகள் எல்லாம் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. இரும்புச் சத்து குறைந்தால் அப்படி ஆகும். திரவ உரத்தின் அளவைக் கூட்டினேன். பலனில்லை. தண்ணீர் மட்டும் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. கட்டையில் சாயம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடிய இலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்த இலை உனக்கு என்ன கலர்ல தெரியுது?"

"மஞ்சளா இருக்கு மாமா."

"நெஜமாவே மஞ்சளா?"

"ஆமா மாமா. சத்து பத்தல."

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் பயந்துபோய் ஈரக் கையோடு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாகவும் இருந்தது.

"இலையெல்லாம் மஞ்சளாத் தெரியவும், ஆபரேஷன் பண்ண கண்ணு மறுபடி போகுதுன்னு நெனச்சிட்டேன்மா."

அவ்வப்போது சமையலறைக்குப் போய்க் கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாராம். பச்சையாகத்தான் தெரியுமாம். திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தால் மறுபடி பயம் பிடித்துக்கொள்ளுமாம். ஏற்கெனவே நானும் என் கணவரும் லீவு போட்டு அலைந்ததால், இதையும் சொல்லித் தொல்லை தர வேண்டாம் என்று இருந்திருக்கிறார். இத்தனை நாளும் ஒரே ஹாலில்தான் இருந்திருக்கிறோம்.

சரி, செடிக்கு என்னதான் ஆச்சு என்று பார்க்க ஃபில்டரைத் திறந்தேன். கொஞ்ச நாளாக அதைச் சுத்தம் செய்யும் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டிருந்ததால் நான் திறப்பதே இல்லை. நான் வைத்த ஸ்பாஞ்சும் வெள்ளைப் பீங்கான் வளையங்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, நான் வைக்காத ஒரு சின்ன வலைப்பை. உள்ளே கரித்துண்டுகள்.

மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணில் பட்டது தண்ணீரின் நிறம்தான். வேலைக்குப் போகிற பெண், தொட்டியைக் கழுவ நேரமில்லை போலிருக்கிறது, கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று, ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலில் ஒரு மீன் கடைக்குப் போயிருக்கிறார். தண்ணீர் தெளிய என்ன போடலாம் என்று கேட்டு இதை வாங்கி வந்திருக்கிறார். நிறம் திரும்பும்போதெல்லாம் புதுப் பை.

அந்தக் கரி சாயத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை, உரத்திலிருக்கும் சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நீ ஊத்துனதெல்லாம் நான் எடுத்துட்டு இருந்திருக்கேன்."

"விடுங்க மாமா. வேரு நல்லாத்தான் இருக்கு."

பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வளையங்களைப் போட்டோம். மஞ்சளான இலைகள் தேறவில்லை, அவற்றை வெட்டிவிட்டேன். அடுத்து வந்த தளிர்கள் பச்சையாக விரிந்தன. மாமா தினமும் அவற்றைக் குனிந்து பார்த்தார். அந்த வாரமே, இடது கண்ணுக்குத் தேதி வாங்கிவிடு என்று அவராகவே மகனிடம் சொன்னார். அதுவும் நல்லபடியாக முடிந்தது.

டீத் தண்ணீர் நிறம் அவருக்கு இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. மாடம்பாக்கத்திலிருந்து அவருடைய மகள் வருகிறாள் என்றால் மட்டும் மெதுவாக என்னிடம் வருவார்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் அந்தப் பைய போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கோங்க மாமா என்பேன். அந்த இரண்டு நாளும் நான் உரம் ஊற்றுவதில்லை.