ஒரு சைஸ் பெரிய சப்பாத்து

இந்த நாட்டில் சப்பாத்து வாங்கப் போனால், கால் என்ன அளவு என்று கேட்பதற்கு முன்னால் மைதானத்தில் எந்த இடத்தில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். ரொறன்ரோவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், போன வைகாசியில், விற்பனைப் பெண் என் பன்னிரண்டு வயது மகள் ஆரணியிடம் அதைத்தான் முதலில் கேட்டாள். “பிச்சர்” என்றாள் மகள். பேஸ்போல் மாதிரியான சொஃப்ற்போல் ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்து போடுகிறவளை அப்படித்தான் சொல்வார்கள். உடனே அந்தப் பெண், ஒரு சுவர் முழுக்கத் தொங்கிய சப்பாத்துகளில் நாலு சோடியை மட்டும் இறக்கிக்கொண்டு வந்தாள். அடியில் குமிழ் குமிழாக முளைத்திருக்கும் அந்தச் சப்பாத்துக்குக் கிளீட்ஸ் என்று பெயர். ஊரில் எங்கள் கடைக்காரர் கறுப்போ வெள்ளையோ என்பதற்கு மேல் எதையும் கேட்டதில்லை.

“இரும்புக் குமிழ் என்ர வயசுக்கு விடமாட்டினமாம், ரப்பர்தான் வேணுமாம். லிண்டா சொன்னவ,” என்றாள் ஆரணி. “பந்து போடேக்க பின் கால் நிலத்தில இழுபடும். அதால முனையில தடிச்ச ரப்பர் இருக்க வேணும். அதுவும் லிண்டா சொன்னவ.”

லிண்டா அவளுடைய கோச். உயரமான வெள்ளைக்காரி, எந்நேரமும் எதையாவது சப்பிக்கொண்டிருப்பவள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு நாளும் வராத அந்த மனுசியின் பெயர் அங்கே நாளுக்குப் பத்துத் தரம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் காலுக்கு அளவு பார்த்தவள் நான். குனிந்து சப்பாத்து முனையைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன்.

“ஒரு சைஸ் பெரிசா எடு பிள்ளை. வளருற கால்.”

“அம்மா, இது காலோட இறுக்கமா நிக்க வேணும். லிண்டா...”

“லிண்டாவோ உன்னைப் பெத்தவ?”

 பெரிய சைஸைத்தான் வாங்கினோம். கடையை விட்டு வெளியே வரும்போது எனக்கு வென்றுவிட்ட சந்தோசம்.

திருகோணமலையில் நானும் பந்து போட்டவள்தான். அது எல்லே, தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம். எல்லேயில் பந்து போடுகிறவள் அடிக்கிறவளின் கட்சி. அவளுக்கு வாகான உயரத்தில் போட்டுக் கொடுப்பதுதான் கெட்டித்தனம். அந்தப் பழக்கத்தில், சப்பாத்து வாங்குவதற்கு முன்னமே நடந்த ஆரணியின் முதல் ஆட்டத்தில் எதிரணிப் பெட்டை ஒருத்தி அவள் பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தபோது, நான் எழும்பி நின்று கை தட்டினேன். மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். லிண்டா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூட மைதானம் துறைமுகப் பக்கம். காலையில் மான்கள் மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் பின்னேரம் நாங்கள் வெறுங்காலோடு விளையாடுவோம். புழுக்கையும் மிதிபடும், நெருஞ்சி முள்ளும் ஏறும். ஜெசிந்தா என்ற பெட்டைக்கு மட்டும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இருந்தது. அவள் தகப்பனுக்குக் கப்பலில் வேலை. பந்து போடுவதில் அவள் என் கிட்டவும் வரமாட்டாள், ஆனால் எல்லாரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள். ஒரு மாரி மழையில் அந்தச் சப்பாத்து ஊறிப் பிய்ந்துபோக வேண்டும் என்று நான் எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரிடம் நேர்த்தி வைத்தேன். அவர் செவிசாய்க்கவில்லை.

எனக்கும் சப்பாத்து இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போடுவது, ஒரு சைஸ் பெரியது, முனையில் அம்மாவின் பழைய சீலைத் துணி அடைத்தது. ஆமிக்காரர் எப்போது பாதையைப் பூட்டுவார்கள், அடுத்த லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது; கிடைக்கும்போதே பெரிதாக வாங்கிவிடுவார்கள். நாங்கள் இருந்த லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருமே துணி அடைத்த சப்பாத்தோடு டொக்கு டொக்கென்று நடந்தவர்கள்தான். சண்டை கூடிய அந்த வருடம் மாவட்டப் போட்டிக்குப் பந்து போட என்னைத் தெரிவு செய்தார்கள். ஜெசிந்தாவை இல்லை, என்னை. போட்டிக்கு முந்தின கிழமை கிளிவெட்டிப் பக்கத்திலிருந்து ஓடிவந்த சனம் பள்ளிக்கூடத்தை நிறைத்தது. நான் நின்று பந்து போடும் இடத்தில் ஒரு குடும்பம் தறப்பாள் கூடாரம் கட்டி அடுப்பு மூட்டியிருந்தது. அவர்களில் கோபப்பட ஏலுமா? போட்டி நடக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவும் இல்லை.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு லிண்டாவில் மட்டுமில்லை, பெற்ற மகளிலும் பொறாமை. அவளுக்குப் போட்டிக்கு முந்தின கிழமை என்பது வெறும் ஒரு கிழமை. அதற்கு அடுத்த கிழமை போட்டி வந்தே தீரும்.

புதுச் சப்பாத்தோடு அவள் ஆடிய முதல் சனிக்கிழமை, முனையில் நானே துணி அடைத்து, நாடாவை இழுத்துக் கட்டிவிட்டேன். போட்ட பந்து ஒன்றும் நேரே போகவில்லை. பின்காலை ஊன்றி உந்தும்போதெல்லாம் கால் சப்பாத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கியது. லிண்டா ஆட்டத்தை நிறுத்தி, அவள் முன்னால் முழந்தாளிட்டு நாடாவை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து துணியை இழுத்து எடுத்து என்னைப் பார்த்தாள்.

“வளர்கிற பிள்ளை,” என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

அவள் முகம் இளகிப்போனது. எழும்பி வந்து என் தோளில் கை வைத்து, மற்றப் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சப்பாத்துகள் அணியின் பையில் இருக்கின்றன, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கு வழியில்லை என்று நினைத்துவிட்டாள்!  பிறகு குரலை மாற்றி, இந்தச் சப்பாத்தோடு அவளைப் பந்து போட விட முடியாது, கால் பிரண்டுவிடும், அடுத்த சனிக்கிழமைக்குள் சரியானது இல்லையென்றால் வேறொருத்திதான் போடுவாள் என்றாள்.

அன்றைக்கு மட்டும் ஆரணி அணியின் பையில் கிடந்த யாரோ ஒருத்தியின் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனாள். அடிக்க வந்த மூன்று பேரை வரிசையாக வெளியேற்றினாள். என் பிள்ளை வெல்லுகிறாள், நான் வயிறெரிந்துகொண்டு இருக்கிறேன். கை தட்ட வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தும் கை எழும்பவில்லை.

“அம்மா, ஏன் ஒண்டும் கதைக்கிறீங்கள் இல்லை?” என்றாள், காரில்.

“உன்னைப் பார்க்கப் பொறாமையா இருக்குது.”

விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப நீங்களும் போடுங்கோவன்!”

அடுத்த நாள் அதே கடையில் நான் குனிந்து அமத்திப் பார்க்கவில்லை. விரல் நுனிக்கு முன்னால் நகமளவு இடம், குதி அசையக் கூடாது. ஆரணியே பார்த்து எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை அவள்தான் பந்து போட்டாள்.

மண் பட்ட பெரிய சோடியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. வாசலில் ஒரு மாதம் கிடந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டும்போது, ஒதுக்கி வைக்க எடுத்தவள், சும்மா ஒரு காலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அளந்து தைத்ததுபோல் இருந்தது. துணி தேவைப்படவில்லை. அன்றைக்குக் கடையில் குனிந்து அமத்தியபோது நான் யாருடைய காலுக்கு அளவு பார்த்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

மற்றதையும் போட்டுக்கொண்டு, ஆரணியின் பந்தோடு வீட்டுப் பின்வளவுக்குப் போனேன். வேலியைப் பார்த்து ஒன்று போட்டேன். கை மறக்கவில்லை. குசினி யன்னலைத் திறந்துகொண்டு ஆரணி கத்தினாள்:

“அம்மா! பின் கால் மண்ணை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினா அந்தப் பந்து செல்லாது!”

குனிந்து பார்த்தேன். முன் கால் வேலிப் பக்கம் எட்டிப் போயிருந்தது. பின் கால், புறப்பட்ட இடத்திலிருந்து புல்லைக் கிழித்து நீளக் கோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

“அது எங்க பிள்ளை கிளம்புது,” என்றேன்.