வுப்பர்டாலில் நான் தூக்கியிருக்கக் கூடாத வாளி

ஜெர்மனியின் வுப்பர்டாலில் என்ன பார்க்கலாம் என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். 1974 பிப்ரவரியில் நான் அங்கே போனது முதியவர்களைப் பார்க்க. அப்போது ஹனோவரில் ஆராய்ச்சி மாணவன். ஐம்பது ஆண்டுகள் கழித்து எண்பது தாண்டியவர்களில் எத்தனை பேர் தாமாக நடமாடுவார்கள், எத்தனை பேருக்கு முதியோர் இல்லம் வேண்டியிருக்கும் என்று கணிப்பது எங்கள் வேலை.

காலை 7.12 ரயில். சுமார் 240 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், மாணவர் சலுகையில் போக வர 24 மார்க். ஊருக்குள் ரயிலே ஆற்றுக்கு மேல் தொங்கிக்கொண்டு போகிறது. நான் கம்பியை விடவே இல்லை. உடன் வந்த எங்கள் துறை ரோஸ்லின், நாகர்கோவில்காரி, இறங்கும்வரை சிரித்தாள்.

ஒரு தெருவை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டோம். என் பக்கத்தில் மூன்றாம் மாடியில் எண்பத்தொரு வயது ஹில்டா அம்மா தனியாக இருந்தார். அடுப்புக்கு நிலக்கரி எடுக்க வாளியோடு கிளம்பியவரை நான் விடவில்லை. பெரியவர் வேலை செய்ய நான் உட்கார்ந்திருப்பதா? நிலவறையிலிருந்து நானே தூக்கி வந்தேன். படிவத்தில் ‘பிறர் உதவி தேவை’ என்று எழுதினேன். இப்படியே ஒன்பது வீடுகள்.

மதியம் ரோஸ்லின் என் படிவங்களைப் புரட்டினாள். “என்ன சுந்தரம், என் சைடுல பாதிப் பேர் ஃபிட்டா இருக்காங்க. உங்க சைடுல ஒருத்தர்கூடவா இல்ல? இங்க எல்லா வீட்லயும் நிலக்கரி அடுப்புதானே, வாளிய யார் தூக்கினா?”

“நான்தான்.”

“அவங்களால முடியாதுன்னு யார் சொன்னா? இதோட காப்பி முனிசிபாலிட்டிக்குப் போகுது. வீட்டக் காலி பண்ணி ஹோம்ல சேர்த்துடுவாங்க!”

ஹில்டா அம்மாவிடம் ஓடி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி ஏறுகையில் இரண்டு இடத்தில் நின்றது கேட்டது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

வாளியை வைத்துவிட்டு, மூச்சு வாங்க, “இப்போது எழுதுங்கள்” என்றார்.

ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போனோம். மாலை ரயில் தவறியது.

போகிறவர்களுக்கு: தொங்கும் ரயிலில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். மாடிப்படியில் வயதானவர் கையில் பை இருந்தால், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அன்று நாங்கள் கணித்த காலம் வந்துவிட்டது. எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது, ஹனோவரில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். வழியில் வந்து போங்கள். காபி நான்தான் போடுவேன், நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.