இரண்டு படத்திலும் இருந்த புள்ளி

என் அத்தை ரத்னபாய்க்குப் புள்ளி அழிப்பதுதான் வேலை. பாறசாலையில் கிருஷ்ணன்குட்டியின் போட்டோ ஸ்டுடியோவில், இருட்டறைக்குப் பக்கத்து ஜன்னலடியில் உட்கார்ந்திருப்பாள். நெகட்டிவில் தூசி ஒட்டினால் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். கல்யாணப் பெண்ணின் கூந்தலில், மாப்பிள்ளையின் கோட்டில் விழுந்த புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு அடைப்பாள். அடைத்த இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திமிரும் அவளுக்கு உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று மார்கழியில், குன்னத்துகால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் சுந்தரதாஸ் ஒரு நெகட்டிவைக் கொடுத்து, பெரிதாக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். என்ன படம் என்று சொல்லவில்லை. அச்சடித்துப் பார்த்தால் ஒரே கறுப்பு. அதில் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள். இவ்வளவு தூசியா என்று வாத்தியாரைத் திட்டிக்கொண்டே அத்தை இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் அடைத்தாள். நடுவில் ஈரவிரல் பட்டதுபோல் ஒரு மங்கல் தெரிந்தது. அதையும் விடவில்லை.

வாத்தியார் கையில் கிடைத்தது சுத்தமான ஒரு கறுப்புக் காகிதம்.

"அக்கா, அது தூசி இல்ல. நட்சத்திரமாக்கும்" என்றார் அவர். கேமராவை ஒரு மரச்சட்டத்தில் கட்டி, வானம் நகர நகரத் திருகாணியைக் கையால் திருகி, இருபது நிமிஷம் நின்று எடுத்தாராம். அந்த மங்கல், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய புகைமேகமாம்.

அத்தைக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். நட்சத்திரத்துக்கும் தூசிக்கும் பெயரா எழுதி ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள். அவளைவிடப் பத்து வயது இளையவரான வாத்தியார் சிரிக்காமல் ஒரு வழி சொன்னார். அதே வானத்தை இன்னொரு நாளும் எடுத்திருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பது தூசி, அதை அழிக்கலாம். இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பது நட்சத்திரம், அதைத் தொடக்கூடாது.

"ஒரு நாள் மேகம் மறைச்சா?" என்றாள் அத்தை.

அது தனக்கும் குழப்பம்தான் என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார். அதோடு போயிற்று அத்தையின் நிம்மதி. கல்யாணப் படத்தில் பெண்ணின் மூக்கில் மின்னுவது மூக்குத்தியா தூசியா என்று தெரியாமல் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாளாம்.

அடுத்த ஆடியில் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் போயின. என் அப்பா பாலையன் அத்தைக்குத் தம்பி. ஊர்வலத்துப் பக்கமே போகமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். நான் அப்போது அம்மா வயிற்றில்.

கிருஷ்ணன்குட்டி இரண்டு நாள் ஊர்வலத்தையும் படம் எடுத்திருந்தார். ஒரு போலீஸ்காரர் வந்து, சாயங்காலத்துக்குள் படங்கள் வேண்டும் என்றார். ஒரு நாள் மட்டும் நின்றவன் வேடிக்கை பார்க்க வந்தவன், இரண்டு நாளும் நின்றவனைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். வாத்தியார் சொல்லித்தந்த அதே கணக்கு.

இரண்டு நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் நாள் படத்தின் ஓரத்தில், சாயாக்கடை வாசலில் அப்பா. வழியில் போகும்போது நின்றிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாம் நாளும் அதே வாசலில், கையை உயர்த்தி வாயைத் திறந்தபடி அப்பா. பக்கத்தில் அவருடைய கூட்டாளி ரெத்தினதாஸ். அவரும் இரண்டிலும் இருந்தார்.

நெகட்டிவில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். வாசலுக்குள்ளும் இருட்டுதான். பிளேடு நுனியால் தம்பியை இரண்டிலிருந்தும் சுரண்டி எடுத்தாள். ரெத்தினதாஸைத் தொடவில்லை. அவர் ஆறு மாதம் ஜெயிலில் கிடந்தார். அவனையும் எடுத்திருக்கலாமா, எடுத்தால் கண்டுபிடித்திருப்பார்களா, தம்பியை எடுத்ததாவது சரியா என்று கடைசிவரை அவளுக்குத் தீர்மானம் வரவில்லை. என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து, போராட்டத்தில் நின்றவர்களைக் கௌரவிக்க ஒரு சங்கம் பேர் சேர்த்தது. ஜெயில் சீட்டைக் காட்டி ரெத்தினதாஸ் சேர்ந்தார். சீட்டு இல்லாத அப்பா, ஸ்டுடியோவிலிருந்து பழைய படங்களைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். அத்தை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ரெத்தினதாஸ் நிக்கான். பக்கத்துல நான்தானே நின்னேன், அக்கா? நான் எங்க?"

"ரண்டுலயும் நீ இருந்தே மக்கா. அதான் அழிச்சேன்" என்றாள் அத்தை.

அப்பா அந்தக் கறுப்பின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.