என் கணவரின் சிறுமூளை

என் கணவர் பஸ் டிரைவர். தருமபுரிக்கும் பொம்மிடிக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றைப் பல வருடங்கள் ஓட்டினார். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அவருடைய அப்பா ஊரில் குடிகாரர் என்று பெயர் வாங்கிச் செத்தவர். அந்த அவமானத்தாலேயே கல்யாண வீடானாலும் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தானாலும் யாராவது பாட்டிலைத் திறந்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

நாற்பதை நெருங்கும்போது அவருடைய நடை மாறியது. முதலில் அதை மாதா கோயிலில்தான் பார்த்தேன். நற்கருணை வாங்கப் போகிறவர் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெஞ்சைப் பிடித்துப் பிடித்துப் போனார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முட்டி வலி என்று அவர் சொன்னதை நம்பினேன். சில மாதங்கள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்தபடியே, “பிரேக் எங்க இருக்குதுன்னு கால் தேடுது” என்றார்.

பஸ்ஸில் வந்த ஒருவர், டிரைவர் குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று முதலாளிக்குப் போன் செய்துவிட்டார். முதலாளி இவரை ஊதச் சொல்லிப் பார்த்தார். மிஷினில் ஒன்றும் காட்டவில்லை. அடுத்த வாரம் மறுபடி புகார் வந்தது, மறுபடி ஊதச் சொன்னார்கள், மறுபடி ஒன்றுமில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. மிஷின் என்ன காட்டினாலும் ஜனங்கள் கண்ணுக்கு நீ குடிகாரனாகத்தான் தெரிகிறாய், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இவர் பஸ் ஓட்டவில்லை.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வருடா வருடம் கரும்பலகையில் மூளையின் படம் வரைந்து, பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று பாகம் குறித்து, சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைத்தவள். அந்தப் படத்தையும் வீட்டில் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த மனிதரையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. உள்ளூரில் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள். கடைசியில் சேலத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர்தான் சிறுமூளை சுருங்கியிருப்பதாகச் சொல்லி, இதையே ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பெங்களூரு பக்கம் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே எங்களைப் பார்த்த பெண் டாக்டருக்கு ஏறக்குறைய என் வயது. கோலார்க்காரர். கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். இவர் காலையும் கையையும் பார்ப்பதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்டார். தாத்தா, அப்பா, அத்தை, அண்ணன் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்ல, ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டதும் இவர் தயங்கி, அவர் குடிகாரர் என்றார். டாக்டர் விடவில்லை. காலையில் எழுந்ததுமே தள்ளாடுவாரா, பேச்சு குழறுமா, தண்ணீர் குடித்தால் புரையேறுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் ஆமாம் என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அவர் குடிச்சாரா இல்லையான்னு நான் சொல்ல முடியாதுங்க. ஆனா உங்களுக்கு இருக்கிற இதே நோய் அவருக்கும் இருந்திருக்கு.”

திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரி தாண்டியதும் இவர் பேச்செடுத்தார். தன் அப்பா சிலுவையைத் தொட்டு, ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்று அடிக்கடி சத்தியம் செய்வார் என்று சொன்னார். அம்மா கதவைச் சாத்திவிடுவாராம். அண்ணனும் இவரும் உள்ளேயே படுத்திருப்பார்களாம். “நாங்க யாருமே நம்பல” என்றார். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரத்தப் பரிசோதனையில் மரபணுக் கோளாறு உறுதியானது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இதற்கு மருந்து இல்லை, கூடிக்கொண்டேதான் போகும், பிள்ளைகளுக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி என்றார். எங்களுக்கு ஒரே மகள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளுக்குப் பரிசோதனை செய்யமாட்டோம், பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. அது நிம்மதி இல்லை, தள்ளிப்போட்டதுதான் என்று பின்னால் புரிந்தது.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆராய்ச்சிக்காகப் போய்வந்தோம். ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொல்வார்கள். மூக்கைத் தொட்டு டாக்டரின் விரலைத் தொடச் சொல்வார்கள். சில எழுத்துகளை வேகமாகச் சொல்லச் சொல்லி ரெக்கார்டு செய்வார்கள். ஒவ்வொரு முறையும் அவருடைய விரல் டாக்டரின் விரலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஆனாலும் அங்கே போவது அவருக்குப் பிடித்திருந்தது. முதல்நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்வார். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலவே தள்ளாடினார்கள். அங்கே அவரை யாரும் குடிகாரர் என்று நினைக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் இருக்காது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

அவருடைய அண்ணன் குடும்பம் இண்டூர் பக்கம் விவசாயம் செய்கிறது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ரத்தமும் கிடைத்தால் நல்லது என்று டாக்டர் கேட்டதால் நாங்கள் நேரில் போய்ச் சொன்னோம். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் என் இரண்டு பெண்களை எவன் கட்டுவான் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

இவர் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஒருநாள் டாக்டர் மிகவும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இறந்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று. இந்த நோய் சிறுமூளையில் என்ன செய்கிறது என்பதை ரத்தத்திலோ ஸ்கேனிலோ முழுதாகப் பார்க்க முடியாது, மூளையையே பார்க்க வேண்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்க முடிகிறது என்று தோன்றியது. இவரோ ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“எடுத்துக்கங்க. இருக்கும்போது அது எனக்கு ஒண்ணும் உதவல.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் பங்குத்தந்தையிடம் போய், மூளை இல்லாமல் அடக்கம் செய்தால், இறந்தவர்கள் எழும் உயிர்ப்பு நாளில் என்ன ஆகும் என்று கேட்டேன். அறிவியல் ஆசிரியை கேட்கிற கேள்வியா என்று அவர் சிரிக்கவில்லை. கண்ணைக் கொடுக்கிறவர்களும் கிட்னி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆண்டவருக்கு அது ஒரு தடையே இல்லை என்றார். வந்து கையெழுத்துப் போட்டேன்.

அவர் இறந்தது ஒரு மழைக்காலத்தில். கஞ்சி புரையேறி நுரையீரலில் சளி கட்டி, தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. நான் அழுவதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அது விநோதமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் வந்தால்தான் மூளை பயன்படும் என்று அவர் சொல்லியிருந்தது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. கல்லூரியே ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்தது.

அதற்குள் மாமா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். கூடச் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். வண்டி ஊருக்குப் போகவில்லை, பெங்களூருக்குப் போகிறது என்று தெரிந்ததும் அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தம்பி மண்டைய ஒடச்சு எடுக்கறதுக்கா இவ்ளோ நாள் பாத்துக்கிட்ட? வூட்டுக்குக் கொண்டா அவன.”

“அவரே ஒத்துக்கிட்டதுங்க மாமா. அவரு வாயால சொன்னது.”

“அவனுக்குப் பேச்சே வராது. என்ன சொன்னான்னு நீ சொல்றதுதான்.”

அப்போது என் மகள் முன்னால் வந்தாள். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். அவள் சத்தம் போடவில்லை. “எனக்காகத்தான் அப்பா குடுத்தாரு, பெரியப்பா” என்றாள். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமா அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு கதவை விட்டுவிட்டு, வண்டியில் ஏறி, தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவக் கல்லூரியின் பிணவறைக்கு வெளியே நீளமான வராந்தா. நானும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் சுவரை விட்டு நகரவே இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். கால்களை அகட்டி அகட்டி வைத்தார். திரும்பும்போதெல்லாம் உள்ளங்கை சுவரைத் தேடியது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கும் ஆரம்பிச்சிருச்சும்மா” என்றார். “நீங்க ரத்தம் கேட்டு வந்தீங்களே, அதுக்கு முன்னாடியே.”

அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். குடிக்கும்போது புரையேறியது. மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

என் கணவரைத் திரும்பக் கொடுத்தபோது முகம் அப்படியே இருந்தது. தையல் எல்லாம் தலைமுடிக்குள் பின்பக்கமாகப் போயிருந்தது. தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். டாக்டர் வந்து கைகூப்பி நின்றார். மறுநாள் காலையில் எங்கள் பங்குக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

பல மாதங்கள் கழித்து டாக்டர் போன் செய்தார். பார்க்க விரும்பினால் வரலாம், கட்டாயம் இல்லை என்றார். தனியாகப் போனேன். மைக்ராஸ்கோப்பில் முதலில் நோய் இல்லாத ஒருவரின் சிறுமூளையைக் காட்டினார். பெரிய பெரிய நரம்பு செல்கள் ஒரே வரிசையாக, கிளைகளை விரித்துக்கொண்டு நின்றன. பிறகு இவருடையதை வைத்தார். வரிசை இருந்த இடம் தெரிந்தது, செல்கள் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் சுருங்கிக் கிடந்தன. கடைசி ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கிப்போன பஸ் மாதிரி இருந்தது. இவையெல்லாம் எப்போது போயின என்று கேட்டேன். அவர் நன்றாக பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோதே போக ஆரம்பித்திருக்கும் என்றார். மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியது.

இப்போது அந்த டாக்டர் அங்கே இல்லை. திட்டக் காலம் முடிந்து, நிதி நின்று, வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். மூளை அங்கேயே குளிர்பதனப் பெட்டியில் பாதியும் மருந்துத் திரவத்தில் பாதியுமாக இருக்கிறது. யாராவது ஆராய்ச்சிக்குக் கேட்டால் ஒரு துண்டு அனுப்புவார்களாம்.

மாமா இரண்டு பெண்களில் மூத்தவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார். இளையவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பனைப் போலவே இவரும் கடைசிக் காலத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அவர் மறுப்பதில்லை. நான் ஒருமுறை மனது கேட்காமல், தம்பியின் டாக்டர் சீட்டைக் காட்டி, இது வியாதி என்றாவது சொல்லலாமே என்றேன். குடிகாரன் பெண்ணென்றால் கட்டுவார்கள், வியாதிக்காரன் பெண்ணென்றால் கட்டமாட்டார்கள் என்றார். சின்னவள் கல்யாணம் முடிகிறவரை தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். தன் அப்பா சாகும்வரை மறுத்துக்கொண்டிருந்த பெயரை அவர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார். அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியாது. மூத்தவள் இப்போது உண்டாகியிருக்கிறாள்.

என் மகள் பரிசோதனைக்கு ஒருமுறை போனாள். முதலில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார்கள். இருக்கிறது என்றால் என்ன செய்வாய், இல்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். அவள் ரத்தம் கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டாள். வெளியே காத்திருந்த என்னிடம், “இப்ப வேணாம்மா” என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்புவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் பாதிப் படியில் நின்றாள். கையில் துணிமூட்டை. நான் கீழே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என் காலையே பாத்துக்கிட்டு இருக்காதம்மா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் முகத்தைத் திருப்பி முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தேன். அவள் மிச்சப் படிகளையும் இறங்கி உள்ளே போகும்வரை நிமிரவில்லை.