பாதிச் சவரத்தோடு ஒரு பிளேடு தேடி

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் எட்டு நாள் தாண்டவில்லை. நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஒரு வாரம் போனதும் வாய் பூட்டிக்கொண்டு, இழுப்பு வந்து போய்விட்டன. தெய்வக் குற்றம் என்று குடுமியான்மலை வரைக்கும் போய் வந்தோம். ஐம்பதுகளின் கடைசியில் என் மனைவி மூன்றாவது தடவை உண்டானபோது, கீரமங்கலத்திலிருந்து சைக்கிளில் வரும் நர்ஸம்மா ஒரே போடாகப் போட்டார். குற்றம் தெய்வத்திடம் இல்லையாம். தொப்புள்கொடி அறுக்கிற அரிவாளிலும், அறுத்த இடத்தில் வைக்கிற சாணிச் சாம்பலிலும்தான் இருக்கிறதாம்.

எங்கள் ஊரில் பிரசவம் பார்க்கிற பெண்ணையும் அவர் விடவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மூன்று வாரம் உட்காரவைத்து, கை கழுவுவதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது இளைய அந்தப் பெண், அதன்பிறகு தாசில்தார் மாதிரி உத்தரவு போட ஆரம்பித்தாள். பிரிக்காத புது பிளேடு, நூல், வெள்ளைத் துணி மூன்றையும் ஒரு பானையில் போட்டு மூடி வைக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்றாள்.

பிளேடு வாங்கியவன் நான். பானையில் வைத்து மூடியவன் நான். எடுத்துப் பிரித்தவனும் நானேதான்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். பிள்ளை முதன்முதலில் பார்க்கிற அப்பன் முகம் கருவேலங்காடாக இருக்க வேண்டாமே என்று அன்று மத்தியானம் தோன்றியது. என் பழைய பிளேடோ கத்தரிக்காய்கூட நறுக்காது. பிரசவ நாளுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது, நாளைக்கு வேறொன்று வாங்கி வைத்தால் போச்சு. வலது கன்னம் வழுவழுவென்று முடிந்த நேரத்தில், உள்ளேயிருந்து என் மனைவி வலிக்கிறது என்றாள்.

பிரசவம் பார்க்கிற பெண் ஓடி வந்தாள். பானையைத் திறந்தாள். திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"அண்ணே, பிளேடு ஒங்க தாடையிலயா இருக்கு?"

அதையே கொதிக்க வைத்தால் ஆகாதா என்று முனகினேன்.

"ரெண்டு புள்ளையப் பறிகுடுத்தது பத்தலையா? நான் வெந்நி வக்கிறதுக்குள்ள புதுசு வரணும். போங்க."

சோப்பு நுரையோடு தெருவில் ஓடினேன். பிளேடு, பிளேடு என்று வீடு வீடாகக் கேட்டேன். பாதி முகத்தோடு பிளேடு கேட்பவனை யார் மதிப்பார்கள்? மீதியை நாளைக்குச் சிரைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாத்தியார் இரக்கப்பட்டு, தான் சிரைத்த பிளேடைத் துடைத்துக் கொடுத்தார். கடைக்குப் போனால் பூட்டு. பக்கத்து வீட்டில் கடைக்காரப் பாய் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, மூஞ்சி எங்கிட்டும் ஓடிறாது. தின்னுட்டு வாரேன், இருங்க."

"மூஞ்சிக்கு இல்ல மாமா. கொடி அறுக்க."

பாய் அடுத்த வாயை எடுக்கவில்லை. எச்சில் கையை மேலே தூக்கியபடி, இடது கையால் பூட்டைத் திறந்தார். பிளேடை அவர் தொடவே இல்லை, என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நர்ஸம்மா இவர் வீட்டுக்கும் போயிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. கொடி அறுக்க, கொடி அறுக்க என்று கத்திக்கொண்டே நான் திரும்பி ஓடும்போது, சற்றுமுன் கேலி பேசியவர்களே வழிவிட்டு நின்றார்கள். வாத்தியார் எனக்கு முன்னால் ஓடி மாட்டைப் பிடித்து ஒதுக்கினார்.

வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிளேடு அதில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் மகள் கத்தினாள். சாம்பல் கொண்டுவந்த என் மாமியாரை அந்தப் பெண் வாசல்படி தாண்ட விடவில்லை.

ஆனால் எனக்குப் பயம் எட்டாம் நாள்தான். அன்று நான் வயலுக்குப் போகவில்லை. கதவோரம் நின்று, குடிக்கிறாளா, குடிக்கிறாளா என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எத்தன தடவ கேப்பீங்க? உள்ள வந்து பாருங்க. விட மாட்டேங்குறா."

போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தாடை ஏறி இறங்க, அப்படியொரு அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். வெளியே ஓடி வந்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தொழுவத்துக்குப் போய் மாட்டிடம் சொன்னேன்.